காரின் மூக்குக்குக் காகிதமா, எண்ணெய்த் துணியா?

காரைக்காலில் இருந்து தரங்கம்பாடி போகும் வழியில், கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த ஊர் வரிச்சிக்குடி. சுற்றிலும் வயல். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடல்.

தை, மாசி மாதங்களில் இந்தப் பக்கம் வந்து பாருங்கள். சம்பா அறுவடை நடக்கும். அறுவடை எந்திரம் வயலில் இறங்கினால் மஞ்சள் புகை போலத் தூசி எழும்பும். சாலை ஓரத்தில் நெல் காயும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் ஆடி ஆடிப் போகும். பஸ், லாரி, கார் எல்லாம் அந்தத் தூசிக்குள் புகுந்துதான் வெளியே வரவேண்டும்.

இந்த ஊரில் என் அக்காள் மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். பழைய பெட்ரோல் கார். சனிக்கிழமை வந்தால் திருநள்ளாறு கோவிலுக்கு ஆள் இருக்கும். மற்ற நாட்களில் நாகூர், வேளாங்கண்ணி, பூம்புகார் என்று சவாரி கிடைக்கும். அந்தக் காரை வாங்குவதற்காக அக்காளின் 5 பவுன் சங்கிலி பாங்கிக்குப் போனது. இன்னும் திரும்பி வரவில்லை.

சென்ற அறுவடைக் காலத்தில் நான் அங்கே போய் இருந்தேன்.

"மாமா, காருக்கு சிவப்பு பில்டர் போடப் போறேன்" என்றான்.

"அது என்னடா சிவப்பு பில்டர்?"

"எண்ணெய் போட்ட துணி பில்டர், மாமா. காகித பில்டர் மாதிரி தூக்கிப் போட வேண்டாம். கழுவிக் கழுவி ஆயுசுக்கும் போடலாமாம். இழுவை கூடும், மைலேஜும் கூடும்னு சொல்றாங்க. விலை 5 ஆயிரத்துக்கு மேல."

அடுப்படியில் இருந்து அக்காள் எட்டிப் பார்த்தாள். "அஞ்சாயிரமா? சங்கிலிக்கு வட்டி கட்டவே மூச்சு முட்டுது!"

"காரும் மூச்சு முட்டாம ஓடணுமே, அம்மா" என்றான் அவன்.

பையன் சொன்னது சரிதான். மூச்சு விஷயம்தான் இது. ஆகவே இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். அங்கே கேட்டதையும், நான் முன்பே படித்து வைத்து இருந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கார் வைத்து இருப்பவர்களுக்கு உதவும். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். ஏறும் வண்டி எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிந்துகொள்வதில் தவறு இல்லையே!

ஒரு லிட்டருக்கு ஒரு நாள் மூச்சு

என்ஜினுக்குள் பெட்ரோல் மட்டும் எரிவது இல்லை. காற்றோடு கலந்துதான் எரிகிறது. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய, ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது, 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9 ஆயிரம் லிட்டர் காற்று!

ஒரு மனிதன் ஒரு நாள் முழுவதும் இழுக்கும் மூச்சு ஏறக்குறைய இந்த அளவுதான். நாம் ஒரு நாள் முழுவதும் இழுக்கும் காற்றை, கார் 15 கிலோமீட்டர் ஓடுவதற்குள் இழுத்து முடித்து விடுகிறது. ஆண்டுக்கு 15 ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால், உள்ளே போகும் காற்று 90 லட்சம் லிட்டர்.

அவ்வளவு காற்றோடு தூசியும் வரும். நமக்கு மூக்கில் முடி இருக்கிறது, தும்மல் இருக்கிறது. காருக்குத் தும்மத் தெரியாது. ஆகவேதான் அதன் மூக்கில் ஏர் பில்டரை வைக்கிறார்கள்.

உமிக்கரி

"தூசிதானே, உள்ளே போனால் எரிந்து போகாதா?" என்று சிலர் கேட்கலாம். வைக்கோல் துரும்பு எரியும். மணல் எரியாது.

மண் தூசியில் பெரும் பகுதி சிலிக்கா. அது என்ஜினில் உள்ள வார்ப்பு இரும்பைவிடக் கடினமானது. நெல் உமியிலும் சிலிக்கா நிறைய உண்டு. நன்றாக எரித்த உமிச் சாம்பலில், பெரும்பாலும் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் சிலிக்காதான். நம் பாட்டன்மார் உமிக்கரியால் பல் துலக்கினார்கள் அல்லவா? அழுக்கை அது தேய்த்து எடுத்ததற்கு இந்தச் சிலிக்காவும் ஒரு காரணம்.

பல்லுக்கு ஒரு நிமிடம் தேய்ப்பு போதும். ஆனால் என்ஜினுக்குள் பிஸ்டன், நிமிடத்துக்கு 2 ஆயிரம், 3 ஆயிரம் தடவை ஏறி இறங்குகிறது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் உண்டு. அதில் போய்த் தூசி சிக்கினால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

பெரிய மணலைவிடப் பொடித் தூசிதான் அதிகம் கெடுக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு அளவே உள்ள தூசிதான் அந்த எண்ணெய்ப் படலத்துக்குள் நுழைந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ரிங் தேய்ந்தால்தான் தெரியும். அப்புறம் என்ஜின் ஆயில் குறையும். நீலப் புகை வரும். இழுவை போகும். மெக்கானிக் "ரிங் போச்சு" என்பார். என்ஜினைப் பிரித்து வேலை செய்யும் செலவில், சங்கிலி பாங்கியிலேயே தங்கிவிடும்!

அடுப்படி ஜன்னல்

காகித பில்டர், நாம் எழுதும் காகிதம் அல்ல. பிசின் ஏற்றிய தனி வகைக் காகிதம். அதை விசிறி போல மடித்து மடித்துச் சட்டத்தில் வைத்து இருப்பார்கள். பிரித்து விரித்தால், கிட்டத்தட்ட நாம் தோளில் போடும் துண்டு அளவுக்கு வரும். இடம் அதிகமாக இருப்பதால் காற்று நெருக்கடி இல்லாமல் புகும். நார்களுக்கு நடுவே உள்ள வழிகள் மிகவும் நுண்ணியவை. தூசி அங்கே மாட்டிக்கொள்ளும்.

எண்ணெய் பில்டரின் வேலையே வேறு. அடுப்படி ஜன்னல் கம்பியைப் பாருங்கள். தாளிக்கும் புகை பட்டுப் பட்டு அதில் பிசுக்கு ஏறி இருக்கும். பக்கத்து அறை ஜன்னலில் படியாத தூசி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அதே தந்திரம்தான் இங்கேயும். இழை தளர்ந்த பருத்தித் துணியைப் பல அடுக்காக வைத்து, இரு பக்கமும் கம்பி வலை போட்டு, பிசுபிசுப்பான எண்ணெயை ஏற்றுகிறார்கள். துணியின் கண் பெரியது. ஆகவே காற்று சுலபமாகப் போகும். தூசியைப் பிடிக்கும் வேலையில் பெரும் பங்கு எண்ணெயுடையது. எண்ணெய் எங்கே பூசி இருக்கிறது என்று தெரிவதற்காகவே அதில் சிவப்புச் சாயம் சேர்ப்பது வழக்கம்.

இந்த வகையை உலகம் முழுவதும் பரப்பிய கம்பெனி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்த கே அண்ட் என். 1969-ம் ஆண்டில் தொடங்கியது. கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்ட் என்ற இருவரின் பெயரில் உள்ள முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். அவர்கள் மோட்டார் சைக்கிள் பந்தயப் பிரியர்கள் நடுவே தொழில் செய்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

எண்ணெயும் தூசியும் சேர்ந்த கதை நமக்குப் புதிது அல்ல. வயலில் ஓடும் டிராக்டர்கள் பலவற்றில் எண்ணெய்க் கிண்ணம் உண்டு. காற்று அந்த எண்ணெயில் மோதித் திரும்பும். தூசி எண்ணெயில் விழுந்து அடியில் சேறாகத் தங்கும். மெக்கானிக் கடையில் இருந்த ஒரு பெரியவர் அதை நினைத்துத்தான், "எண்ணெய் இருந்தா நல்லதுதானே, தம்பி? என் டிராக்டர் 20 வருஷமா ஓடுதே!" என்றார்.

டிராக்டர் சங்கதி வேறு. அந்தக் கிண்ணம் பெரியது, கனமானது. வயலில் என்ஜின் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் உழைக்கும். அதற்கு அது பொருந்தும். கார் ஒரு நிமிடம் ஓடும், ஒரு நிமிடம் நிற்கும். காற்றின் ஓட்டம் குறைந்தால் எண்ணெய்க் கிண்ணம் தூசியைச் சரியாகப் பிடிக்காது. ஆகவேதான் கார்களில் காகிதம் வந்தது. சிவப்பு பில்டரில் எண்ணெய் இருப்பதால் மட்டும் அது டிராக்டர் பில்டர் ஆகிவிடாது.

தப்பியது எவ்வளவு?

பில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்று ஓர் அகில உலக முறை இருக்கிறது. அளந்த தூசியைப் பில்டரில் ஊதி, எவ்வளவு நின்றது, எவ்வளவு தப்பியது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். நல்ல காகித பில்டர் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் நிறுத்திவிடும். எண்ணெய்த் துணி பில்டர்கள் பெரும்பாலும் 97, 98 என்ற அளவில் நிற்கின்றன.

பையன் இதைக் கேட்டதும், "ஒண்ணு, ரெண்டுதானே மாமா வித்தியாசம்?" என்றான்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நின்றதைப் பார்க்கக் கூடாது. தப்பியதைப் பார்க்க வேண்டும். 100 கிராம் தூசி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 99 நின்றால், என்ஜினுக்குள் போவது 1 கிராம். 97 நின்றால், உள்ளே போவது 3 கிராம். வித்தியாசம் இரண்டு பங்கு அல்ல. மூன்று மடங்கு!

புழுதி இல்லாத நகரத்துத் தார்ச் சாலையில் மூன்று மடங்கு என்பதும் பெரிய அளவு ஆகாது. அங்கே வருகிற தூசியே கொஞ்சம். வரிச்சிக்குடியில் தை மாதம் அப்படி இல்லை.

மதகும் வலையும்

சரி, இழுவை கூடும் என்கிறார்களே, அது பொய்யா?

முழுப் பொய் அல்ல. எண்ணெய்த் துணியில் காற்று சுலபமாகப் போவது உண்மை. ஆனால் அதனால் நமக்கு என்ன லாபம் என்பதுதான் கேள்வி.

அரசலாறும் நாட்டாறும் பாயும் பூமி இது. ஆகவே வாய்க்காலை வைத்தே சொல்கிறேன். வாய்க்கால் தலைப்பில் மதகு இருக்கிறது. ஆகாயத் தாமரை வராமல் தடுக்க, மதகுக்கு முன்னால் கம்பி வலை கட்டி இருக்கிறார்கள். மதகை ஒரு சாண்தான் தூக்கி இருக்கிறது. இப்போது கம்பி வலையை எடுத்துவிட்டு, கண் பெரிதான வலையைக் கட்டினால் வயலுக்குத் தண்ணீர் அதிகம் வருமா? வராது. அளவைத் தீர்மானிப்பது மதகு. வலை அல்ல.

பெட்ரோல் காரிலும் ஒரு மதகு உண்டு. அதற்குத் திராட்டில் என்று பெயர். ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும். கோவிலுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அது கொஞ்சம்தான் திறந்து இருக்கும். அப்போது பில்டர் எதுவானாலும் ஒன்றுதான். காலை முழுவதும் அழுத்தி மிதிக்கும்போதுதான் வலையின் வித்தியாசம் தெரியும். அதுவும் பில்டர் சுத்தமாக இருந்தால், சாதாரணக் காரில் ஓட்டுகிறவருக்குத் தெரியாத அளவு சிறியது.

மைலேஜ் கதையையும் சோதித்துப் பார்த்து இருக்கிறார்கள். அமெரிக்க அரசின் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடம், 2009-ம் ஆண்டில் ஒரு சோதனை நடத்தியது. பில்டரை வேண்டும் என்றே அடைத்துவிட்டுக் கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் கார்களில், அடைத்த பில்டரால் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. வேகம் எடுக்கும் நேரம்தான் கூடியது. காற்று குறைந்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில்தான் மைலேஜ் அடிபடும்.

அடைத்த பில்டரே மைலேஜைக் குறைக்கவில்லை. அப்படியானால், சுத்தமான காகித பில்டரைக் கழற்றிவிட்டுச் சிவப்பு பில்டர் போட்டால், மைலேஜ் எங்கே இருந்து கூடும்?

இந்த பில்டருக்குப் பொருத்தமான இடம் பந்தயம். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் இருந்து கார் பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே ஓட்டுகிறவர் காலை அழுத்தினால் எடுக்கமாட்டார். மதகு முழுவதும் திறந்தே இருக்கும். ஒரு கண நேரம் முந்தினாலும் அவருக்கு வெற்றி. அவருடைய என்ஜினை அடிக்கடி பிரித்துப் புது ரிங் போடுவார்கள். அதற்குப் பணமும் ஆளும் உண்டு. கே அண்ட் என் கம்பெனியின் கதையை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பந்தயத்துக்குப் பொருத்தமான பொருளைச் சவாரிக் காருக்குப் போடலாமா என்பதே விஷயம்.

கழுவுகிற வேலை

"ஆயுசுக்கும் வரும்" என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆயுளுக்கு நாம் வேலை செய்ய வேண்டும். அதற்கென்று விற்கும் திரவத்தைத் தெளித்து ஊறவிட வேண்டும். உள் பக்கத்தில் இருந்து வெளிப் பக்கமாக, வேகம் இல்லாத தண்ணீரில் அலச வேண்டும். சூடு காட்டிக் காய வைக்கக் கூடாது. தானாகக் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது எப்போது காய்வது? காயும் வரை கார் நிற்க வேண்டும். வாடகைக் காருக்கு ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று.

காய்ந்த பிறகு எண்ணெய் போட வேண்டும். குறைந்தால் தூசி தப்பும். கூடினாலும் ஆபத்து. பல கார்களில், முக்கியமாக டீசல் கார்களில், பில்டருக்குப் பின்னால் சூடான மெல்லிய கம்பி ஒன்று உண்டு. காற்று பட்டு அது எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து, கம்ப்யூட்டர் காற்றை அளக்கிறது. அதிகமாகப் போட்ட எண்ணெய் பறந்து வந்து அந்தக் கம்பியில் படிந்தால் கணக்குத் தவறும். அளவாகப் போட்டால் இப்படி ஆகாது என்று பில்டர் தயாரிப்பவர்கள் சொல்கிறார்கள். அளவாகப் போடுகிற பொறுமை எல்லோருக்கும் உண்டா? என் அக்காள் மகனுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

செலவையும் பார்த்துவிடலாம். காகித பில்டர் சாதாரணக் காருக்குச் சில நூறு ரூபாய். 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒன்று மாற்றினாலும் 10 ஆண்டுக்கு 4 ஆயிரம். சிவப்பு பில்டர் முதல் நாளே 5 ஆயிரம்; கழுவும் திரவமும் எண்ணெயும் தனி. குப்பை குறையும் என்பது சிவப்பு பில்டரின் பக்கம் உள்ள ஒரு நியாயம். அதை மறுக்கவில்லை.

பல கார்களின் கையேட்டில் 30 ஆயிரம், 40 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை பில்டரை மாற்றச் சொல்லி இருக்கும். கீழேயே, புழுதிச் சாலையானால் முன்னதாக மாற்றவும் என்று சிறிய எழுத்தில் போட்டு இருப்பார்கள். நம் ஊர்க்காரர்கள் படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான். அறுவடை முடிந்ததும் திறந்து பார்த்து, தேவையானால் மாற்றிவிடுவது நல்லது.

அதற்காக வாரம் ஒரு முறை கழற்றிக் காற்று அடிக்க வேண்டாம். கொஞ்சம் தூசி படிந்த பில்டர், புதுப் பில்டரைவிட நன்றாகப் பிடிக்கும். காபி வடிகட்டியில் தூள் படிந்து உட்கார்ந்தால் டிகாக்‌ஷன் மெதுவாக, தெளிவாக இறங்குகிறது அல்லவா, அது மாதிரி. பம்பு வைத்து வேகமாகக் காற்று அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். மழையில் நனைந்து ஊறிய காகித பில்டரையும் காய வைத்துப் போடக் கூடாது. மாற்றிவிட வேண்டும்.

வெள்ளைத் துணி

இவ்வளவு நேரமும் மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வெள்ளைத் துணி இருக்கா, தம்பி?" என்றார்.

காருக்குள் இருந்த கைக்குட்டையைக் கொடுத்தான். அவர் பில்டர் பெட்டியைத் திறந்தார். காகித பில்டரை எடுத்தார். முன் பக்கம் மண் நிறம். அது சரிதான். பிறகு, பில்டரைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் விரல் விட்டு, கைக்குட்டையால் துடைத்தார்.

கைக்குட்டையில் பழுப்பாகக் கோடு விழுந்தது.

பையன் முகம் மாறியது. பில்டருக்குப் பின்னால் தூசி இருக்கவே கூடாது. இருந்தால், பில்டர் கிழிந்து இருக்க வேண்டும். அல்லது ஓரத்தில் சந்து இருக்க வேண்டும். மெக்கானிக் பில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிழிசல் இல்லை. பெட்டியின் மூடியைத் தடவினார். நான்கு கிளிப்புகளில் ஒன்று உடைந்து இருந்தது. மூடி அந்த மூலையில் தூக்கிக்கொண்டு இருந்தது. ஓரத்து ரப்பர் சரியாக அழுந்தவில்லை. வாசலில் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட மாதிரி!

"இந்தச் சந்தை வெச்சுக்கிட்டு நீ தங்கத்துல பில்டர் போட்டாலும் தூசி போகும், தம்பி" என்றார்.

குழாயைச் சுத்தமாகத் துடைத்தார். புதுக் கிளிப் போட்டார். கம்பெனி காகித பில்டர் ஒன்று வாங்கி வந்து பொருத்தினோம். ரப்பர் நான்கு பக்கமும் அழுந்தி இருக்கிறதா என்று பையனையே தடவிப் பார்க்கச் சொன்னார். ரிங் நன்றாகத்தான் இருக்கிறது, ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டே வா என்றார். கூலியோடு சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

"மாமா, அந்தக் கைக்குட்டையை அம்மாகிட்ட காட்டாதீங்க" என்றான் திரும்பும் வழியில்.

நான் காட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும், பில்டருக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் மிச்சத்தை அவன் தாயார் கையில் கொடுத்தான். அவள் ஒரு முறை எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். பாங்கிச் சீட்டு இருந்த டப்பாவைத் திறந்து அதில் வைத்து மூடினாள். பிறகு, "நாளைக்கு சனிக்கிழமை. விடியக்காலை 4 மணிக்குச் சவாரின்னு சொன்னியே, போய்ப் படு" என்றாள்.